தூணுக்குச் சட்டை தைத்தவர்கள்

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விசைத்தறி ஓடும் கட்டடத்துக்குள் போகும் வெளியூர்க்காரர் சும்மா ஒரு தூணில் கை வைத்தால், முதலில் தட்டுப்படுவது அதிர்வு. நாடா அடிபட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பாய்வது நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். ஒவ்வொரு அடியும் தறியின் காலில் இறங்கித் தரையில் பரவித் தூணில் ஏறுகிறது. இப்படி இருபது, முப்பது வருடம் ஓடிய பட்டறையில் ஒருநாள் தூணின் மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு கீறல் தெரியும். மேஸ்திரி வந்து சுத்தியலால் தட்டுவார். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் பொக்கென்று கேட்கும். "இதுக்குச் சட்டை போட்டாத்தானுங்க நிக்கும்" என்பார்.

பழைய தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, பலகை அடைத்து, புதுக் காங்கிரீட் ஊற்றித் தடிப்பாக்குவதுதான் அந்தச் சட்டை. பொறியாளர்கள் ஜாக்கெட்டிங் என்பார்கள். பார்க்க மிகச் சாதாரணமான வேலை. ஆனால் அது காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்த வழி சாதாரணமானதல்ல. ரோமில் கணக்குப் போட்ட மூன்று துறவிகள், பிரான்சில் ஒரு தோட்டக்காரர், சேலத்து இரும்பை நம்பிக் கைப்பொருளை விட்ட ஒரு கம்பெனி அதிகாரி, சிகாகோவில் செத்த மிருகங்களைப் பாடம் செய்தவர், சூரிச்சில் பொய்ப்பல் செய்யப் பிசின் தேடிய ரசாயனக்காரர் என்று பலர் கைபட்டது. இவர்களில் கரண்டி பிடித்த கொத்தனார் ஒருவர்கூட இல்லை.

தள்ளாடும் கட்டடத்துக்கு முட்டுக் கொடுப்பதுதான் மனிதன் அறிந்த முதல் வைத்தியம். உத்தரக்கல் வெடித்த கோயில் மண்டபங்களில், அதன் அடியில் செங்கல் தூண் ஒன்று நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிற்பத் தூண்களுக்கு நடுவே அது மட்டும் மொட்டையாக நிற்கும். ஒடிசாவின் கோனார்க்கில் 13-ஆம் நூற்றாண்டிலேயே கல்லுக்குத் துணையாக இரும்பு உத்தரங்களை வைத்தார்கள். சிறு சிறு இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்று இணைத்து உண்டாக்கிய உத்தரங்கள் அவை. பத்து மீட்டரைத் தாண்டியவையும் அங்கே கிடக்கின்றன. அப்படியும் பெரிய விமானம் விழுந்துவிட்டது. மிஞ்சிய முன்மண்டபத்தைக் காப்பாற்ற ஆங்கிலேய அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள். வாசல்களை அடைத்து, உள்ளே மணலைக் கொட்டி நிரப்பினார்கள். 1903-இல் அந்த வேலை முடிந்தது. மண்டபம் நின்றது, உள்ளே நுழையத்தான் முடியாமல் போயிற்று. வலுவூட்டலில் இப்படியும் ஒரு வகை உண்டு, கட்டடம் பிழைத்து அதன் பயன் செத்துப்போகும் வகை.

ஒரு கட்டடத்துக்கு வலுவூட்டல் தேவையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் கணக்குப் போட்டுச் சொன்ன முதல் பெரிய சம்பவம் ரோமில் நடந்தது. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் 1590-இல் முடிந்தது. அடுத்த 150 வருடங்களில் அதில் கீறல்கள் பெருகின. குவிமாடம் தன் பாரத்தால் அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கக் கட்டும்போதே இரும்பு வளையங்கள் போட்டிருந்தார்கள். அவை போதுமா? போப் 14-ஆம் பெனடிக்ட் 1742-இல் போஸ்கோவிச், ஜாக்கியே, லெ சூயர் என்ற மூன்று கணிதத் துறவிகளைக் கேட்டார். அவர்கள் கல்லின் எடை, இரும்பின் பலம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் புது வளையங்கள் வேண்டும் என்றார்கள். ஊரில் ஒரே கேலி. கணக்குப் பார்க்காமல் கட்டிய குவிமாடத்தை ரிப்பேர் செய்ய மட்டும் கணக்கு எதற்கு என்று கேட்டார்கள். பிறகு பதுவா நகரப் பேராசிரியர் போலேனி வந்து வேறு வழியில் கணக்குப் பார்த்தார். அவரும் வளையம் போடுவதே நல்லது என்றார். 1743, 1744-இல் ஐந்து புதிய இரும்பு வளையங்கள் குவிமாடத்தைச் சுற்றி இறுகின. இன்றும் அவை அங்கேதான் இருக்கின்றன.

அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு கதை நம் பக்கம் திரும்புகிறது. சேலத்துக் கஞ்சமலையின் காந்தக்கல் இரும்பு பேர்போனது. அந்த வட்டாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிப அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அந்த இரும்பின் மேல் பித்துப் பிடித்தவர். உயர்ந்த உருக்குக்காக ஷெஃபீல்டுக்காரர்கள் சுவீடன் இரும்பைக் காசு கொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தையைச் சேலம் பிடிக்க வேண்டும் என்று கம்பெனி வேலையை விட்டார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலை மூட்டினார். மலை ஒரு பக்கம், உலை ஒரு பக்கம், எரிக்கக் கரி இன்னொரு பக்கம். இப்படிப்பட்ட தொழில் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பணம் போனது, ஹீத் இங்கிலாந்து திரும்பினார்.

கற்ற வித்தை மட்டும் கையில் இருந்தது. உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலும் நல்ல உருக்கு வரும் என்று கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டில் உருக்கின் அடக்க விலை சரிந்தது. அவருடைய முகவரே காப்புரிமையில் ஒரு சந்து கண்டுபிடித்தார். ஹீத் மாங்கனீசையும் கரியையும் முன்பே சேர்த்துச் சமைத்து உலைச்சட்டியில் போடச் சொன்னார். முகவரோ இரண்டையும் தனித்தனியாகச் சட்டிக்குள் போட்டு, அவை அங்கே சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்வேன் என்றார். ஊரே அவரைக் காப்பியடித்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1851-இல் ஹீத் கையில் காசில்லாமல் இறந்துபோனார். 1855-இல் வந்த கடைசித் தீர்ப்பும் அவர் பக்கம் இல்லை. இன்று பள்ளிபாளையத்தில் எந்தக் கடையில் கம்பி வாங்கினாலும் அதில் மாங்கனீசு உண்டு. சேலத்தில் தோற்றவரின் பாடம் அப்படித்தான் சேலத்துச் சமவெளிக்குத் திரும்பி வந்தது.

ஹீத் வழக்காடிக்கொண்டிருந்த அதே வருடங்களில் தெற்குப் பிரான்சில் லம்போ என்ற நிலக்கிழார் கம்பி வலை மேல் சிமெண்டுச் சாந்து பூசி 1848-இல் ஒரு படகு செய்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தின் நியூகாசிலில் வில்கின்சன் என்ற பூச்சு வேலைக்காரர், சுரங்கத்தில் தேய்ந்து தூக்கிப் போட்ட இரும்பு வடங்களைக் காங்கிரீட் தளத்துக்குள் வைத்துக் காப்புரிமை வாங்கியிருந்தார். கம்பி எங்கே இழுபடுமோ அங்கே, அதாவது தளத்தின் அடிப்பக்கத்தில் போட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஊர் எல்லையைத் தாண்டி அவர் பெயர் போகவில்லை.

பெயர் வாங்கியவர் மோனியே. தோட்டக்காரர். ஆரஞ்சுச் செடி வைக்கும் மண் தொட்டி உடைகிறது, மரத் தொட்டி மக்குகிறது என்பதுதான் அவர் கவலை. கம்பி வலைக் கூண்டு கட்டி அதன் மேல் சிமெண்டு பூசினார், 1867-இல் காப்புரிமை. தொட்டி, பிறகு குழாய், தண்ணீர்த் தொட்டி, 1875-இல் ஷாசெலே என்ற இடத்தில் ஒரு கோட்டை அகழியின் மேல் சின்னப் பாலம். கம்பி ஏன் வேலை செய்கிறது என்ற கணக்கு அவரிடம் இல்லை. வடிவம் கலையாமல் நிற்கக் கம்பி வேண்டும் என்பது போதுமாக இருந்தது. காப்புரிமையை ஜெர்மானியர்கள் விலைக்கு வாங்கினார்கள். வைஸ் என்ற ஒப்பந்தக்காரரும் கோனென் என்ற பொறியாளரும் 1886, 1887 வாக்கில் சோதனை செய்து, கணக்குப் போட்டு, புத்தகமே அச்சடித்துவிட்டார்கள். அமுக்கத்தைக் காங்கிரீட் தாங்கும், இழுப்பைக் கம்பி தாங்கும். மோனியே 1888-இல் திவாலானார். 1906-இல் ஏழையாகத்தான் கண்ணை மூடினார். ஹீத்துக்கும் இவருக்கும் ஒரே ஜாதகம்.

இந்தக் கூட்டு வேலை செய்ய இயற்கையும் ஒரு சலுகை கொடுத்திருந்தது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். காங்கிரீட்டும் ஏறக்குறைய அவ்வளவே நீளும். இரண்டும் வேறு வேறாக நீண்டிருந்தால் பங்குனி வெயிலில் நம் மொட்டை மாடிகள் எல்லாம் பிரிந்து வந்திருக்கும். தொட்டி செய்த மோனியேவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அதிர்ஷ்டம்தான்.

அடுத்து வந்தவர் வியாபாரி. என்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் தூண், உத்தரம், தளம் மூன்றையும் ஒரே உடம்பாக வார்க்கும் முறைக்கு 1892-இல் காப்புரிமை எடுத்தார். நாடு நாடாக முகவர்களை வைத்தார். வரைபடம் பாரிசிலிருந்து போகும், வேலை உள்ளூரில் நடக்கும், பங்கு பாரிசுக்கு வரும். தீப்பிடித்தாலும் எரியாத கட்டடம் என்பதுதான் விளம்பரம். 1898-இல் சொந்தமாகப் பத்திரிகையே தொடங்கிவிட்டார். நகல்காரர்கள் விடுவார்களா? ஆளாளுக்கு ஒரு 'முறை' கண்டுபிடித்தார்கள். 1901-இல் பாசெல் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஓட்டல் ஒன்று சரிந்து உயிர்கள் போனபோதுதான், இந்தக் கம்பி வேலைக்குச் சட்டதிட்டம் எதுவுமே இல்லை என்பது உறைத்தது. 1903-இலிருந்து 1906-க்குள் ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு மூன்றும் விதிமுறைகளை வெளியிட்டன. 1903-இல் என்பிக்கின் காப்புரிமையும் செல்லாது என்றாயிற்று. காரணம், மோனியே 1878-லேயே எடுத்து வைத்திருந்த காப்புரிமை. தோட்டக்காரருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கடல் தாண்டி சான்பிரான்சிஸ்கோவில் ரான்சம் என்பவருக்கு வேறு கவலை. வழுவழுப்பான கம்பி காங்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளாமல் நழுவுகிறதே? சதுரக் கம்பியை முறுக்கிப் போட்டார்; 1884-இல் அதற்குக் காப்புரிமை. ஆல்வர்ட் ஏரிக்கருகே 1889-இல் அவர் கட்டிய சின்னப் பாலம் 1906 பூகம்பத்திலும் நின்றது. முறுக்கினால் பிடிப்பு மட்டுமல்ல, பலமும் கூடும். அந்த வித்தை ஐரோப்பாவுக்குப் போய் உருட்டுக் கம்பியில் வரி விழவைத்து முறுக்கும் முறையாக மாறி, 1960-களில் இந்தியாவுக்கு வந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தாங்கிய இடத்தில் 415 தாங்கும் முறுக்குக் கம்பி. நாலு நூல் கம்பி வேண்டிய இடத்தில் மூணு நூல் கம்பி போதும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

இனிப் பள்ளிபாளையம். 1862-இல் சென்னை ரயில்வே இங்கேதான் காவிரியைத் தாண்டி ஈரோட்டுக்குள் நுழைந்தது. ஊர் ரயில் நிலையத்துக்கே காவிரி என்றுதான் பெயர். சரியாக நூறு வருடம் கழித்து, 1962-இல் சேஷசாயி காகித ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் பக்கத்தில் சங்ககிரியில் சிமெண்ட் ஆலை. கைத்தறி மெல்ல விசைத்தறியாக, ஓட்டுக் கொட்டகை தார்சுக் கட்டடமாக மாறியது. கீழே தறி, மேலே குடும்பம். சிமெண்ட் ஆலை பக்கத்தில் இருந்தாலும் சிமெண்ட் சுலபமாகக் கிடைத்ததா என்றால் அதுதான் இல்லை. 1982-இல் பாதியும் 1989-இல் முழுதுமாகக் கட்டுப்பாடு நீங்கும்வரை பெர்மிட் வாங்கி மூட்டை எடுத்த காலம் அது. கிடைத்த மூட்டையில் வேலையை முடித்தார்கள். கலவை மெலிந்தது. சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பி ஒட்டிக் கிடக்க, கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற ஒன்று இருப்பதையே பல இடங்களில் யாரும் கேள்விப்படவில்லை.

தூணில் கீறல் கண்ட பட்டறைக்காரர் பழியைத் தறியின் அதிர்வில் போடுவார். பாதிதான் சரி. கீறல் கம்பி ஓடும் வழியிலேயே நேராக விழுந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். புதுக் காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்று காக்கும். காற்றின் கரியமில வாயு மெல்ல உள்ளே ஊறினால் காரம் குறையும். உப்பு உள்ளே போனால் படலம் நேரடியாக ஓட்டையாகும். பிறகு இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். மேலே இருக்கும் காங்கிரீட் வெடிக்காமல் என்ன செய்யும்? முறுக்கிய கம்பியோ உள்ளே தங்கிய முறுக்கத்தால் சீக்கிரமே துருவுக்கு இடம் கொடுத்தது. ரான்சமின் வித்தையில் இப்படி ஒரு வில்லங்கம். சூட்டோடு சூடாக வரும் கம்பியின் தோலைத் தண்ணீரால் சட்டென்று குளிர்வித்து, உள்ளே மிஞ்சிய சூட்டாலேயே பதப்படுத்தும் முறை பெல்ஜியத்தின் லியேஜில் 1970-களில் உருவாகி, பிறகு டிஎம்டி என்ற பெயரில் இங்கே வந்தபோது முறுக்குக் கம்பி கடைகளிலிருந்து மறைந்தது. கடைகளிலிருந்துதான். ஏற்கெனவே கட்டிய தூண்களுக்குள் அது அப்படியே இருக்கிறது.

கடற்கரையில்தானே உப்பரிக்கும், பள்ளிபாளையத்தில் உப்பு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். லாரியில் வருகிறது. பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயப்பட்டறைத் தொட்டியில் கொட்டி, கழிவு நீரில் கலந்து, தரையில் இறங்கி, ஆழ்துளைக் கிணற்றில் ஏறி வருகிறது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது இந்தியத் தர விதி. போர் தண்ணீரை யார் சோதித்தார்கள்? போதாததற்குக் காவிரி. 2018, 2022 ஆகஸ்ட்டுகளில் மேட்டூரிலிருந்து வெள்ளம் திறந்தபோது கரையோரத் தாழ்வான வீடுகள் மூழ்கின. வடிந்த பிறகு சுவர் காய்ந்துவிடும்; தரைக்குக் கீழே இருக்கும் தூணின் கால் எப்போது காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் கம்பித் துருவைத் தீவிரமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-இல் திறந்தது. கம்பிக்குப் பூசும் சிமெண்டுக் கலவைப் பூச்சுகளை உருவாக்கியவர்கள் அவர்கள். சரியான இரும்பு வைத்தியம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏதென்ஸ் பார்த்தினான் கோயில் சாட்சி. பழைய கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இணைத்த இரும்புப் பட்டைகளுக்கு ஈயம் பூசினார்கள். அவை பெரும்பாலும் கெடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் கோயிலைப் பலப்படுத்துகிறேன் என்று ஈயம் பூசாத இரும்பைச் செருக, அது துருப்பிடித்துப் பளிங்கையே பிளந்தது. இப்போது அதை எல்லாம் பிடுங்கிவிட்டு டைட்டேனியம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரிப்பேர் ஆட்களின் கதை இன்னும் வேடிக்கை. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் 1893 கண்காட்சிக்காக அவசரத்தில் எழுப்பிய கட்டடத்தில் இருந்தது. வெளிப்பூச்சு உதிர்ந்து பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே யானை, மான் எல்லாவற்றையும் பாடம் செய்துகொண்டிருந்தவர் கார்ல் ஏக்லி. பொம்மை மிருகங்களுக்குச் சாந்து பீய்ச்ச அவர் வைத்திருந்த காற்றழுத்தக் கருவியைப் பெரிதாக்கிச் சுவருக்குப் பீய்ச்சினால் என்ன? 1907-இல் செய்து காட்டினார்; 1911-இல் காப்புரிமை. இன்று பாலத்தின் அடியிலும் சுரங்கத்தின் உள்ளேயும் சிமெண்டைத் துப்பாக்கியால் சுடும் குனைட்டிங் வேலை அவர் விட்டுப்போனது. ஏக்லி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. திரும்ப ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார்.

சூரிச்சின் கதை பல்லில் தொடங்குகிறது. பல் மருத்துவப் பொருள்கள் செய்யும் நிறுவனத்தில் பியர் காஸ்தான், பொய்ப்பல்லுக்குச் சுருங்காத பிசின் ஒன்றைத் தேடி 1930-களின் கடைசியில் எப்பாக்சியைக் கண்டுபிடித்தார். பல் உலகம் அதை விரும்பவில்லை. உரிமையை வாங்கிய சீபா நிறுவனம் அதை ஒட்டும் பசையாக்கியது. நம் வீட்டு மேசை இழுப்பறையில் இரண்டு குழாய்களாகக் கிடக்கும் அரால்டைட் அதுதான். 1964-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அடுக்குமாடியின் உத்தரத்தில் கம்பி போட மறந்துவிட்டார்கள். இடிக்க மனமில்லாமல் உத்தரத்தின் அடியில் இரும்புத் தகட்டை எப்பாக்சியால் ஒட்டினார்கள். நின்றது. இந்த வைத்தியம் பரவ அந்த மறதி உதவியது.

தகடு கனம், தூக்கிப் பிடிக்கவே பாடு. ஸ்விட்சர்லாந்தின் லூசேர்னில் ஈபாக் பாலத்தில் சிக்னல் கம்பம் நடத் துளை போட்டவர்கள், உள்ளே ஓடிய இழுகம்பித் தொகுதியை அறுத்துவிட்டார்கள். 1991-இல் கார்பன் நார்ப் பட்டைகளை எப்பாக்சியால் ஒட்டிச் சரிசெய்தார்கள். 175 கிலோ இரும்பு வேண்டிய இடத்தில் 6.2 கிலோ கார்பன் நார். 1995-இல் கோபே பூகம்பத்தில் நெடுஞ்சாலைத் தூண்கள் சாய்ந்ததும், ஜப்பான் தூண் தூணாக இரும்புச் சட்டையும் கார்பன் சட்டையும் மாட்ட ஆரம்பித்தது. நமக்கு அந்தப் புத்தி 2001 பூஜ் பூகம்பத்துக்குப் பிறகு வந்தது. பழைய காங்கிரீட் கட்டடங்களைப் பலப்படுத்துவதற்கென்றே ஒரு தர விதி 2013-இல் வெளியானது. கொங்குப் பகுதிக்குப் பூகம்பம் வராது என்று நம்புகிறவர்கள், 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கம் ஏறக்குறைய ஆறு ரிக்டர் அளவில் நிலம் ஆடியதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எந்தக் கட்டடத்துக்குச் சட்டை வேண்டும்? பூகம்பத்தைவிட அடிக்கடி வரும் காரணம், உரிமையாளரின் ஆசை. ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இன்னொரு மாடி. சாதாத் தறியை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான, வேகமான ரேபியர் தறி. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தது கட்டி முடிப்பதற்கு முன்பே. அங்கே சட்டை போட நேரமே இருக்கவில்லை. பழைய கட்டடம் அவகாசம் கொடுக்கும். மேஸ்திரியின் சுத்தியலுக்கு மேல், 1950 வாக்கில் ஷ்மிட் என்ற ஸ்விஸ்காரர் செய்த இன்னொரு சுத்தியல் இருக்கிறது. சுருள்வில்லால் அடித்து, எவ்வளவு எகிறுகிறது என்று எண்ணாகக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் காங்கிரீட்டில் உருளையாக ஒரு துண்டை வெட்டியெடுத்து உடைத்துப் பார்ப்பார்கள்.

வேலை தொடங்கினால் முதலில் தறி நிற்கும். உத்தரங்களுக்கு அடியில் இரும்பு ஜாக்கி வரிசையாக ஏறும். பிறகு பூச்சைக் கொத்தி, பொக்கான காங்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம்வரை சுரண்டி எடுக்க வேண்டும். இங்கேதான் சோம்பல் வரும். பாதியில் விட்டால் துரு சட்டைக்குள்ளேயே தொடரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபின் கருப்புச் செதில் போய் இரும்பு வெளிறித் தெரிய வேண்டும். தூணிலும் அஸ்திவாரத்திலும் துளை போட்டு, தூசியை ஊதி, எப்பாக்சி விட்டுப் புதுக் கம்பிகளைச் செருகுவார்கள். தூசியை ஊதாமல் விட்ட துளையில் எப்பாக்சி தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும். ரிங்குகளை நெருக்கமாகக் கட்டி, பலகை அடைத்து, பொடி ஜல்லிக் கலவையை மெல்ல ஊற்றுவார்கள். ஒரு பக்கத்துக்கு நாலு அங்குலம். ஒன்பது அங்குலத் தூண் பதினேழு அங்குலமாகும். அவ்வளவு தடிக்காமல் இருந்தால் போதும் என்று உரிமையாளர் கெஞ்சுவது இந்தக் கட்டத்தில்தான்.

"தறிக்கும் தூணுக்கும் நடுவுல ஆள் போக எடம் வேணுமுங்களே. அந்தக் கார்பன் துணி ரெண்டு மில்லிமீட்டர்தான்னு சொன்னீங்க, அதையே சுத்திவிட்டா ஆகாதுங்களா?"

ஆகும். பணம் இருந்தால் இன்னும் நன்றாகவே ஆகும். ஆனால் பொறியாளர் தலையைச் சொறிகிறார். அந்தத் துணியைப் பிடித்து நிறுத்தும் எப்பாக்சி அறுபது, எண்பது டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். பட்டறை விட்டத்திலும் விளக்கிலும் சுவிட்சுப் பெட்டியிலும் பஞ்சுத் தூசு படிந்து கிடக்கிறது. தறிப்பட்டறையில் தீ எப்படிப் பிடிக்கும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீத்தடுப்புப் பூச்சு மேலே போட்டால் மெல்லிய சட்டை தடித்துவிடும், விலையும் ஏறிவிடும். போதாக்குறைக்கு இந்தத் தூணில் துரு வேறு.

"காங்கிரீட்டே போட்டுக்கலாமுங்க," என்கிறார். "கடைசித் தறியை மட்டும் ஒரு அடி தள்ளிப் போடுங்க. தள்ளறதுக்கு முன்னாடி அந்தச் சுவரோரத்துத் தூணையும் ஒருக்கா தட்டிப் பார்த்துடலாம்."